பூவும் பந்தியும்

புதிதாய்ப் பொறுப்பேற்கும் பேராயருக்கும் போதகருக்கும் இன்று வழங்கப்படும் அறிவுரை ஒன்றே: முதலாண்டில் எதையும் மாற்றாதீர், சபையின் பண்பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு மெல்ல வழிநடத்துங்கள். இறையியல் வகுப்பறைகளிலும் தலைமைப் பயிற்சி முகாம்களிலும் இது மறுப்பற்ற ஞானமாக உலவுகிறது. அந்தப் பண்பாடு யாருடையது என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. இந்தியத் திருச்சபை அவ்வினாவுக்குப் பெருவிலை கொடுத்திருக்கிறது.

1832இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக டேனியல் வில்சன் வந்திறங்கினார். இந்தியா முழுவதும் அன்று அவருடைய ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. மறு ஆண்டு ஜூலையில், தென்னிந்தியச் சபைகள் சாதி வேறுபாட்டைத் தாமதமின்றி, முற்றாகக் கைவிட வேண்டும் என்று மடல் விடுத்தார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். மண்ணறியாத புதியவரின் அவசரத்தால் சபை உடைந்தது என்பதே இந்நிகழ்வுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம்.

அவ்விளக்கம் இரு உண்மைகளை மறைக்கிறது. முதலாவது, நிதானம் ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்டிருந்தது. 1798இல் தஞ்சாவூரில் மறைந்த சுவார்ட்ஸ் ஐயர், சாதி காலப்போக்கில் தானே தேயும் என்று பொறுத்திருந்தார். 1826இல் திருச்சிராப்பள்ளியில் உயிர்நீத்த பேராயர் ஹீபரும் மென்மையான போக்கையே விரும்பினார். சாதி தேயவில்லை; பொறுமையின் நிழலில் வேரூன்றியது. இரண்டாவது, இழப்பின் கணக்கு வெளியேறியோரை மட்டுமே எண்ணுகிறது. தலைமுறை தலைமுறையாகத் தனித்து அமர்த்தப்பட்டு, திருவிருந்துப் பந்தியில் பின்னுக்குத் தள்ளப்பட்ட பறையர் கிறிஸ்தவர்களுக்கு அம்மடல் என்னவாக ஒலித்தது என்று கேட்கும் ஆய்வு அரிது. ஆவணம் எழுதியோரின் வருத்தமே வரலாற்றின் வருத்தமாகிவிட்டது.

இதனால் மிஷனரிகள் குற்றமற்றவர் ஆகிவிடார். மடலுக்கு முன்பே, 1820களில், புதிதாய் வந்த இளம் மிஷனரிகள் தஞ்சைச் சபையை ஒரே வீச்சில் திருத்த முனைந்தனர். அதை எதிர்த்து 1829இல் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் நான்கு கொடுமைகளைப் பட்டியலிட்டார்: வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, திருநாட்களில் பூவைத் தடுத்தது, தமிழ்க் கீர்த்தனைகளை விலக்கியது, சாதிகளை ஒன்றாகக் கலந்தது. மிஷனரிகள் பூவையும் பந்திப் பாகுபாட்டையும் ஒரே மூச்சில் பழித்தனர். சாஸ்திரியார் இரண்டையும் ஒரே மூச்சில் காத்தார். இரு தரப்பும் செய்த பிழை ஒன்றே. பூ ஒரு மண்ணின் அழகு. பந்திப் பாகுபாடு ஒரு கூட்டத்தின் அதிகாரம். 'பண்பாடு' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் மூடும்போது, அழகின் பெயரால் அதிகாரம் தப்பிப் பிழைக்கிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிந்தவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தெலுங்கு நாட்டுக்குச் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகி தோர்ணக்கல்லில் பொறுப்பேற்றார். 1939இல் திருநிலைப்படுத்தப்பட்ட அவருடைய பேராலயம் கோயிற்கலையின் வடிவங்களையும் மசூதியின் வடிவங்களையும் தயக்கமின்றி ஏற்றது. அதே பேராயர், திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரையும் தம் தலைமீது கைவைத்து, நற்செய்தி அறிவிப்பது தம் கடமை என்று உறுதியேற்கச் செய்தார். ஊர் தீண்ட மறுத்த மாலா, மாதிகா மக்கள் சபையில் போதிக்கும் உரிமை பெற்றனர். அழகு நிலைத்தது, அதிகாரம் கைமாறத் தொடங்கியது. அவ்விரு சமூகங்களுக்கிடையிலான பிணக்கை அவராலும் முற்றாகத் தீர்க்க முடியவில்லை என்பதும் உண்மை. எனினும் வில்சனின் மடலால் எட்ட முடியாத ஓர் இடத்தை அவருடைய அன்றாடப் பணி எட்டியது.

எனவே புதிய தலைவர்க்கு வழங்கும் பாடத்தைத் திருத்தியாக வேண்டும். முதலாண்டு செவிமடுக்கட்டும், ஆனால் முன்வரிசைக்கும் ஆலோசனைக் குழுவுக்கும் மட்டுமன்று, கடைசி வரிசைக்கும். பாட்டு, பூ, தேர், பொங்கல் ஆகியவற்றில் அவர் மாணவராகவே இருக்கட்டும். கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊரில், அதையும் பண்பாடு என்று கற்றுக்கொள்ள ஓராண்டு எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. அங்கே காத்திருப்பதும் ஒரு பக்கம் சாய்வதே.