தீவுமலையில் ஒரு பகல்

மலைநடை குறித்து ஆங்கிலத்தில் ஒரு தனி இலக்கியமே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஸ்கை என்னும் தீவின் கரடுமுரடான கருங்குன்றுகளில் நாளெல்லாம் நடந்து திரும்பியோர் அந்த நடையை நூல்நூலாக எழுதி வைத்திருக்கின்றனர். ஹ்யூ மன்றோ என்பவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்டு 1891இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மலையாக ஏறி முடிப்பதை வாழ்நாள் நோன்பாகக் கொண்டவர்கள் இன்றும் உண்டு. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிறு பொறாமை எழும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரனுக்குத் தீவு ஏது, மலை ஏது என்று எண்ணிக்கொள்வேன்.

அந்த எண்ணம் என் அறியாமை என்று பின்னர் தெரிந்தது. சமவெளியின் நடுவே தொடர்ச்சியின்றித் தனித்தெழும் பாறைக்குன்றுக்கு நிலவியலார் வைத்திருக்கும் பெயர் 'இன்செல்பெர்க்'. கிழக்கு ஆப்பிரிக்காவில் இத்தகைய குன்றுகளைக் கண்ட வில்ஹெல்ம் போர்ன்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1900இல் உருவாக்கிய சொல் அது. அதன் நேர்ப்பொருள் 'தீவுமலை'. சுற்றியிருந்த மண்ணும் மென்பாறையும் காலப்போக்கில் கரைந்து போக, கரைய மறுத்த கடும்பாறை மட்டும் எஞ்சி நிற்பதே இதன் பிறப்பு. இந்த வரையறையைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது கழுகுமலை. கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில், ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், உழுத கரிசல் அலையலையாகக் கிடக்கும் பரப்பின் நடுவே நிற்கிறது அந்த ஒற்றைப் பாறை. அடைமழைக் காலத்தில் வண்டிப்பாதை விட்டு நிலத்தில் இறங்கியவன் கால் முழங்கால்வரை புதையும். அப்போது அக்குன்று தீவேதான். ஐயமில்லை.

சென்ற ஆண்டு இளங்கலை வகுப்பில் மலைபடுகடாம் நடத்திக்கொண்டிருந்தேன். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தர் தலைவன், எதிர்ப்படும் வறிய கூத்தனுக்கு மலைவழி சொல்லி ஆற்றுப்படுத்தும் 583 அடிப் பாட்டு அது. எந்த இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எந்த இடத்தில் புனங்காவலரின் கவண்கல் வந்து விழும், எந்தப் பாறை வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும் என்று அடிக்கு அடி சொல்லும். மலையில் எழும் ஓசைகளை வரிசைப்படுத்தும் பகுதியே நூலுக்குப் பெயரும் தந்தது. நடந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொன்ன பாட்டு. அதை நாங்கள் மின்விசிறிக்கடியில் அமர்ந்து, இலக்கணக்குறிப்பு வேறு எழுதிக்கொண்டிருந்தோம். உங்களில் எத்தனை பேர் கழுகுமலை ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். முருகன் கோயிலுக்குப் போகாதவர் எவருமில்லை. மலைமேல் ஏறியதாக எழுந்த கைகள் நாலைந்து. கொடைக்கானல் போய் வந்த கைகள் அதைவிட மிகுதி.

ஆகவே தை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, முதல் பேருந்தில் பன்னிருவர் புறப்பட்டோம். சாலையின் இருபுறமும் மக்காச்சோளம் அறுத்த தட்டைகள். இடையிடையே பருத்தி வெடித்திருந்தது. ஊருக்குள் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு, மலையடிவாரத்துக் குடைவரையில் கழுகாசலமூர்த்தியைக் கண்டோம். இந்த முருகனைப் பாடித்தான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்துக்குத் தமிழில் நிலைத்த ஓர் இடம் தேடித் தந்தார். முப்பது வயதை எட்டாமலே மறைந்தவர் அவர். காவடி எடுத்து நடப்போரின் கால்வேகத்திற்கு அமைந்த சந்தம் அது என்பதை வகுப்பில் எத்தனைமுறை சொன்னாலும் புரியாத ஒருவனுக்கு, படிக்கட்டு ஏறுகையில் தானாகப் புரிந்தது.

கழுகுமலை உயரமான மலையன்று. மன்றோவின் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்காது. முறையாக வெட்டிய படிகள் முடிந்ததும் வெறும் பாறைச்சரிவு தொடங்கும். காலைப் பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிட்டது. செருப்பைக் கழற்றினால் சூடு, போட்டால் வழுக்கல். பாறையிடுக்குகளில் கள்ளியும் புல்லும். பெயரில் கழுகிருக்கிறது, சம்பாதி வழிபட்டதாகத் தலபுராணமும் சொல்கிறது. வானில் நாங்கள் கண்டதெல்லாம் பருந்துகளே.

வெட்டுவான் கோயிலின் முன் நின்றபோதுதான் அந்தப் பகல் வேறு பகலாயிற்று.

அறியாதார்க்காக ஒரு சொல். 8ஆம் நூற்றாண்டு, முற்காலப் பாண்டியர் காலம். மலைச்சரிவில் ஏறத்தாழ 25 அடி ஆழத்திற்குச் சுற்றிலும் அகழ்ந்து, நடுவில் ஒரு பாறையைத் தனியே நிறுத்தி, அதை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயிலாக்கியிருக்கிறார்கள். சிகரமும் கழுத்தும் பூதகணங்களும் நந்திகளும் மெருகு குன்றாமல் நிற்கின்றன. தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். கீழ்ப்பகுதி முடியவில்லை, அடித்தளம் பாறையாகவே நின்றுவிட்டது. அதே நூற்றாண்டு எல்லோரா கைலாசநாதர் கோயிலோடு இதை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். நானும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். மாணவி ஒருத்தி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அகழியின் பக்கச்சுவரில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இதுல வெடி கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. உளியும் சம்மட்டியுந்தான். கல்லு ஓட்டம் பாத்து எறங்கிருக்காங்க. இம்புட்டுக் கழிவுக்கல்லு எங்க போச்சுன்னு யாராச்சும் எழுதியிருக்காங்களா?"

கல்லின் ஓட்டம் உனக்கு எப்படியம்மா தெரியும் என்றேன். அப்பா கல்குவாரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். இருபது வருடமாக அவர் போகும் குவாரி இருந்த இடத்தில் முன்பொரு கரடு இருந்ததாம். அவள் ஆச்சி அதில் விறகொடிக்கப் போவாளாம். இப்போது அங்கே தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டுமே. சற்று நேரம் கழித்து அவளே கேட்டாள்:

"எங்கப்பாவும் மலையத்தான் வெட்டுதாரு. இவங்களும் மலையத்தான் வெட்டிருக்காங்க. இவங்களப் பாக்க பஸ் ஏறி வாரோம். எங்கப்பாவ மலைய அழிக்கிறவர்னு சொல்லுதாங்க. அவரு சம்பளத்துலதான ஐயா நான் படிக்கேன்?"

கல்குவாரிகளைக் கண்டித்து நான் இரண்டு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் இந்தக் கேள்வி இல்லை. பாண்டியர் காலத்துச் சிற்பி வேண்டாததை நீக்கிவிட்டு மலையை விட்டுச்சென்றான், குவாரி மலையை நீக்கிவிட்டுப் பள்ளத்தை விட்டுச்செல்கிறது என்று ஒரு விடை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. என் வீட்டுச்சுவரில் இருப்பதும் எம்-சாண்ட்தான். எங்களை ஏற்றிவந்த சாலையின் ஜல்லியும் ஏதோ ஒரு கரட்டின் துண்டுதான். அந்த மனிதர் இருமலோடு வீடு திரும்ப, நாம் அவர் உடைத்த கல்லின்மேல் நின்று அவரைக் குற்றம் சொல்வது நேர்மையாகாது.

பேசாமல் சமணச் சிற்பங்களுக்கு அழைத்துச் சென்றேன். அய்யனார் கோயிலை ஒட்டிய பாறைமுகத்தில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். படமெடுத்த நாகத்தின் கீழ் பார்சுவநாதர், கொடி படர நிற்கும் பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகா யட்சி. பலவற்றின் அடியில் வட்டெழுத்து. இன்னார் செய்வித்த திருமேனி என்பதே அவற்றின் பொதுவாசகம். செய்வித்தோர் மன்னரல்லர், ஊர்ப்பெயரோடு தம் பெயரைப் பொறித்த எளியவர்கள். இன்றைய சிதறாலாகிய திருச்சாரணத்திலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும், அவர்களுடைய மாணவ மாணவியரும் இக்கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையில் பெண்கள் பாடம் சொன்ன மரபு இருந்தது என்றதும், மாணவியர் நால்வரும் தமக்குள் பார்த்துக்கொண்டனர். அவற்றின் பக்கத்திலேயே, அண்மைக்காலத்தில் யாரோ ஆணியால் கீறிய காதலர் பெயர்களும் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிற்பகலில் உச்சிப் பிள்ளையார் கோயிலருகே அமர்ந்து கட்டுச்சோறு உண்டோம். மேற்கே தொடர்ச்சிமலை நீலக்கோடாகத் தெரிந்தது. மற்றத் திசைகளிலெல்லாம் கரிசல். நடுநடுவே கண்மாய்களின் மினுக்கம், தீப்பெட்டி ஆலைக் கூரைகள், எங்கும் சீமைக்கருவேல். அந்தக் கடலில் வேறு தீவுகளும் தெரிகின்றனவா என்று தேடினோம். சில இருந்தன. ஒன்றிரண்டு பாதியாக இருந்தன.

என் கருத்து இதுதான். கழுகுமலை பிழைத்ததற்குக் காரணம் அது அழகாயிருந்தது அன்று. அதன்மேல் எழுத்து இருந்தது. எழுத்தும் சிற்பமும் கோயிலும் இருந்ததால் தொல்லியல் துறை வந்தது, பக்தர் வந்தனர், ஆய்வாளர் வந்தனர். இதே பாறையினத்தைச் சேர்ந்த எத்தனையோ கரடுகள் எழுத்தில்லாத காரணத்தால் வருவாய்ப் பதிவேட்டில் வெறும் 'கல்லாங்குத்து', 'பாறை புறம்போக்கு' என்று நின்றுபோயின. பெயரற்றதை ஏலம் விடுவது எளிது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை எண்ணிப் பாருங்கள். குடைவரையும், சமணர் படுகையும், தமிழி எழுத்தும், வல்லூறுகளும், சுனைகளும் உள்ள குன்றுகள் என்று ஊராரும் ஆர்வலரும் பல்லாண்டு நடந்து நடந்து பதிவு செய்ததால்தான் 2022இல் அது தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாயிற்று. 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதியைத் தொட்டபோது, மக்கள் கிளர்ந்தெழ, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதைக் கைவிட்டது. போராட்டத்திற்கு மக்கள் வேண்டும், மெய்தான். ஆனால் எதற்காகப் போராடுகிறோம் என்று சொல்ல, முன்பே எழுதப்பட்ட ஒரு விவரம் கையில் இருந்தது.

எழுத்தில்லாத கரட்டுக்கு அந்த விவரத்தை யார் எழுதுவது? தமிழ்த்துறைகள்தான் எழுதவேண்டும் என்கிறேன். இது நம் வேலையல்ல, நிலவியலாரும் தாவரவியலாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று சக ஆசிரியர்கள் சொல்லக்கூடும். கி.ராஜநாராயணனை நினைவுபடுத்துவேன். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி வேண்டும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் முனையாதபோது, இடைசெவல் என்ற சிற்றூரில் இருந்த சம்சாரி ஒருவர் நண்பர்களைத் திரட்டி அதை உருவாக்கி 1982இல் வெளிக்கொணர்ந்தார். அவர் அதைச் செய்திராவிட்டால் அச்சொற்களில் பல இன்று நமக்கு வாய்த்திரா. சொல்லுக்குச் செய்ததைக் கரட்டுக்கும் செய்யலாம். ஒவ்வொரு கரட்டுக்கும் ஊரார் வழங்கும் பெயர் என்ன, எந்தப் பக்கம் பாதை, சுனை எங்கே, அதில் எம்மாதம்வரை தண்ணீர், என்ன மரம், எந்தச் சாமி, என்ன கதை, ஆடு மேய்ப்பவர் எந்தப் பாறைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்... மலைபடுகடாம் எழுதியவர் கேட்ட கேள்விகளும் இவையே. ஒரு பருவத்திற்கு ஒரு கரடு, ஒரு நாள் நடை, பத்துப் பக்கம். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணுக்கு ஒப்படைப்பு எழுதச் சொல்கிறோமே, அது இதுவாக இருக்கட்டும். இணையத்திலிருந்து இதைப் படியெடுக்கவும் முடியாது.

கல்லே வெட்டக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் தகுதியை அந்த மாணவி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள். எதை வெட்டலாம், எதை விடவேண்டும் என்பதை, ஏறிப் பார்த்தவர்கள் எழுதியதை வைத்து முடிவு செய்யவேண்டும் என்பதே என் வாதம். கல் உடைத்தவரின் நினைவும் அந்த எழுத்தில் இடம்பெற வேண்டும். இழந்த கரட்டின் ஓட்டத்தை அவரைவிட அறிந்தவர் யார்?

இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. பேருந்தில் அந்த மாணவி என் அருகே வந்து, தன் ஒப்படைப்புக்கு இல்லாத கரட்டைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள். இருந்த இடத்தில் பள்ளம்தானே இருக்கிறது, எப்படி எழுதுவாய் என்றேன்.

"ஆச்சி இருக்காங்கள்ல ஐயா. எந்தப் பக்கம் ஏறுவாங்கன்னு கேட்டு எழுதுதேன்."

எழுதி வந்தாள். பத்துப் பக்கம் கேட்டிருந்தேன்; இருபத்திரண்டு பக்கம். அந்தக் கரட்டுக்கு 'வண்ணாத்திப் பொடவு' என்று பெயர் இருந்ததாம். நான் அதற்கு ஐம்பது காதத்தில் பிறந்தவன் அல்லன், பக்கத்து ஊர்க்காரன்தான். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.