அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கு: ஒரு நாள் பயணத்துக்கான ஆயத்தம்



கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய அம்மா பிறந்தது எங்கள் குருவிட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்செயலில் லயத்தை விட்டு ஓடி, வவுனியா போய், பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இப்போது அம்மாவின் பிறப்புப் பத்திரப் பிரதி தேவைப்படுகிறது. அம்மா சொல்லச் சொல்லக் கேட்ட அந்த லயத்தையும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பெண்கள் ஐந்து பேர், அம்மாவும் வருகிறார். “அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்கு ஒரு வான் பிடித்துப் போய்வர என்ன ஒழுங்கு செய்ய வேண்டும்? ஆண் துணை இல்லாமல் வரலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

வரலாம். ஆனால் அந்த இரண்டாவது கேள்வி ஏன் வந்தது என்று முதலில் யோசிப்போம். நம்மில் பலருக்குப் பயணம் என்றால் ஓட்டம்தான். எப்போது புறப்படுவது என்பதை ஷெல் தீர்மானித்தது. எங்கே போவது என்பதை முன்னால் போனவர்கள் தீர்மானித்தார்கள். பாஸ் கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. ஏ-9 பாதை 2002இல் திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் மூட்டை முடிச்சை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு நின்றோம். 2006 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. சமூகவியல் படித்த காலத்தில், யாரிடமும் கேட்காமல் நகரக் கூடியவர் யார் என்று பார்த்தாலே ஒரு சமூகத்தில் அதிகாரம் யாரிடம் என்று தெரிந்துவிடும் எனச் சொல்லித் தந்தார்கள். அன்று அது எனக்குப் பரீட்சைப் பாடம். இப்போது வீடுவீடாகப் போகிறபோது, கணவனை இழந்த ஒரு பெண் பக்கத்து நகரத்துக்குப் போக மைத்துனரிடமும் மாமியாரிடமும் அனுமதி கேட்டு நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஆகவே தோழியரே, இந்தப் பயணத்தை நீங்களே உட்கார்ந்து திட்டமிடுங்கள். ஒரு கொப்பித்தாளும் பேனையும் போதும்.

முதலில் பாதையைச் சொல்கிறேன். அவிசாவளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். எஹலியகொட, பரகடுவ, குருவிட்ட, பிறகு இரத்தினபுரி. குருவிட்டயிலிருந்து இரத்தினபுரிக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் அளவில் வரும். இது ஏ-4 நெடுஞ்சாலை. கொழும்பில் தொடங்கி, பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை என்று நாட்டைச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்பில் முடிகிறது. மட்டக்களப்புத் தோழியருக்கு இது உங்கள் வீதியின் மறுமுனை! நெடுஞ்சாலை என்றதும் ஏ-9 மாதிரி நேராக ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். வளைவுகள், இரண்டு பக்கமும் இறப்பர்த் தோட்டம், கடைத்தெருக்கள், மாணிக்கக் குழிகள், எதிரே வேகமாக வரும் தூர இடத்துப் பஸ்கள். கடைத்தெருவுக்குள் வாகனம் 50க்கு மேலும், வெளியே 70க்கு மேலும் ஓடக் கூடாது என்பது சட்டம். நடைமுறையில் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பாதையில் ரயிலும் ஓடியது. களனிவெளிச் சின்ன ரயில் 1912இல் இரத்தினபுரி வரை வந்தது, 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள். உங்கள் அம்மா சிறுமியாக அதில் ஏறியிருக்கக் கூடும், கேட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து அவிசாவளை வரை ரயிலில் வரும் யோசனையைப் பற்றி: அது மெதுவான பாதை. காலை ரயில்கள் பெரும்பாலும் கொழும்புக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானவை. அலுவலக வேலை முடிக்க வேண்டிய நாளில் புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவதே நல்லது.

இனிக் கடதாசி விசயம். வானுக்கு முற்பணம் கொடுக்கும் முன்னே இதைப் பார்த்துவிடுங்கள். 1960ஆம் ஆண்டுக்குப் பின் பதிவான பிறப்புகளின் பிரதியைப் பொதுவாக நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் கேட்டுப் பெறலாம். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, உங்கள் கரைச்சிப் பிரதேச செயலகத்திலேயே முதலில் கேளுங்கள். அம்மா அதற்கு முன் பிறந்தவர் என்றால் பயணம் தேவைப்படும். அப்போதும் எங்கே போவது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிறப்பு எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு இருக்கும். லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்தவரானால் குருவிட்டப் பிரதேச செயலகம். பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தால் பதிவு இரத்தினபுரியில் இருக்கலாம். இதை அறியாமல் இரண்டு இடத்துக்கும் அலைந்து ஒரு நாளைத் தொலைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். அம்மாவின் பெயர், அவருடைய அப்பா அம்மா பெயர், தோட்டம், டிவிசன், உத்தேசமான பிறந்த வருடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். தோட்டத்துப் பெயர்களை அன்று எழுதியவர்கள் தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். ‘பாக்கியம்’ எந்த எழுத்தில் எப்படி இருக்கிறதோ! ஒரு பெயரை மட்டும் சொல்லி “இல்லை” என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். முன்பின் வருடங்களிலும் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

பிரசாவுரிமைச் சிக்கல் இன்னும் தீராதவர்கள் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றியும் உங்கள் கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். 1964 ஒக்டோபர் 30 முதல் நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் அது உரியது. வன்னிக்குப் போனதால் அந்த உரிமை போய்விடாது.

நாளைத் தெரிவது அடுத்தது. பிரதேச செயலகத்தில் மக்களைச் சந்திக்கும் நாள் எது என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். போயா நாளையும் அதற்கு முந்திய நாளையும் தவிருங்கள். டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். குருவிட்டயிலிருந்து எரத்ன வழியாகவும் இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகவும் யாத்திரிகர் போவார்கள். வார இறுதியில் வீதி நிரம்பிவிடும், வான் வாடகையும் ஏறும். நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திங்கட்கிழமை காலை 7.30 முதல் 9 வரை ராகுகாலம் என்று ஒன்பதரைக்குப் புறப்பட்டால், அலுவலக வரிசையில் கடைசி ஆளாகத்தான் நிற்பீர்கள். ஏழு மணிக்கே வண்டியில் ஏறிவிடுங்கள், ராகுவுக்கும் ஆட்சேபம் இராது. விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று சொல்கிறவர்களுக்கு என்ன பதில் என்று கேட்பீர்கள். வானுக்குள் இருப்பது ஐந்து பெண்கள், அதில் மூவர் விதவைகள் என்றால் சகுனம் யாருக்கு எதிரே வருகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

வான் பிடிக்கும்போது கூச்சம் வேண்டாம். ஐந்து பேருக்கு முச்சக்கர வண்டி ஒன்று போதாது. மூன்று பேருக்கு மேல் அதில் ஏறக் கூடாது, இந்த வளைவுகளுக்கு அது ஏற்றதும் அல்ல. போக வர, தோட்டத்துக்கு ஏறி இறங்க எல்லாம் சேர்த்து நூறு கிலோமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். வான் ஒரு லீற்றருக்கு ஒன்பது பத்துக் கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால் பதினொரு பன்னிரண்டு லீற்றர் வேண்டும். எரிபொருள் விலை மாத முடிவில் மாறுவது இப்போது வழக்கம், அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் சாரதியின் கூலி, வண்டித் தேய்மானம், காத்து நிற்கும் நேரம். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், கேட்கும் வாடகை நியாயமா இல்லையா என்பது உங்களுக்கே தெரியும். (யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நமக்கா எரிபொருள் கணக்குத் தெரியாது!) காத்து நிற்பதற்குத் தனிக் காசா, சாப்பாடு யார் பொறுப்பு, இரண்டையும் முதலிலேயே பேசி ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். சாரதி அனுமதிப்பத்திரம், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி மூன்றும் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல சாரதி அதற்குக் கோபிக்க மாட்டார். கோபிக்கிறவரோடு போக வேண்டாம். முன் ஆசனத்தில் இருப்பவர் பட்டி அணிவது 2011 முதல் கட்டாயம். வண்டி இலக்கத்தையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119, பெண்கள் உதவி இலக்கம் 1938. தொலைபேசியில் மட்டுமல்ல, தாளிலும் எழுதி வையுங்கள்.

பயணம் என்றதும் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் ஒதுங்க இடமிராது என்ற பயம். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் இது ஆபத்து. அவிசாவளை பஸ் நிலையத்தில் ஒரு தடவை, எஹலியகொடப் பக்கம் எரிபொருள் நிலையமொன்றில் ஒரு தடவை என்று நிறுத்தங்களை முன்கூட்டியே சாரதியிடம் சொல்லிவிடுங்கள். சில்லறைக் காசு வைத்திருங்கள். மாதவிடாய்த் துணியும் ஒரு மாற்றுடுப்பும் பையில் இருக்கட்டும். வளைவில் வயிறு புரட்டுகிறவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள். வெறுவயிற்றோடும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். பொலித்தீன் பை, எலுமிச்சம்பழம், சித்தாலேப.

இன்னொன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏ-4 வீதியில் போக்குவரத்துப் பொலிசார் வண்டியை மறிப்பார்கள். அவர்கள் பார்ப்பது சாரதியின் பத்திரங்களை. ஆனால் காக்கிச் சட்டை கை நீட்டிய உடனே நம் பெண்களில் சிலருக்குக் கை கால் குளிர்ந்துவிடும், அடையாள அட்டையைத் தேடிப் பையைக் கொட்டுவார்கள். இது கோழைத்தனமல்ல. வருடக்கணக்காக உடம்பு படித்த பாடம் அது, யுத்தம் 2009இல் முடிந்ததென்று உடம்புக்கு யாரும் அறிவிக்கவில்லை. புறப்படும் முன்பே ஐவரும் இதைப் பேசிக்கொள்ளுங்கள். “மறிப்பார்கள், சாரதி இறங்கிப் பேசுவார், நாங்கள் இருந்த இடத்தில் இருப்போம்” என்று சொல்லி வைத்தாலே பாதிப் பயம் குறையும். அதிகம் பயப்படுகிறவரை நடுவில் இருத்தி ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். கல் உடைக்க வெடி வைக்கும் சத்தமும் சில இடங்களில் கேட்கலாம். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி வந்தால் பட்டாசும் கேட்கும். இதையும் முன்பே சொல்லி வையுங்கள். நானறிந்த ஓர் அக்கா வெடிச் சத்தம் கேட்டதும் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆசனத்துக்கடியில் படுத்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்காமல் இருந்ததுதான் அன்று அவருக்குக் கிடைத்த பெரிய உதவி.

மழை. எங்கள் பகுதியில் அதைப் பற்றிப் பேசாமல் எந்தத் திட்டமும் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு கொட்டும். களு கங்கை பெருகி இரத்தினபுரி நகரம் நீரில் மூழ்குவது புதிதல்ல. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வெள்ளமும் மண்சரிவும் இந்த மாவட்டத்தில் பல உயிர்களைக் கொண்டு போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறத்தில் விடுகிறது. முதல் நாள் இரவு வானொலிச் செய்தியில் குருவிட்ட, எஹலியகொட, இரத்தினபுரி என்ற பெயர்கள் வருகின்றனவா என்று கேளுங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அலுவலக வேலையைக் காலையில் முடித்துவிட்டால் தோட்டத்துக்கு மத்தியானம் போகலாம். முதலில் தோட்டத் தலைவருக்குச் சொல்லி அனுப்புங்கள், அவர் துரையிடம் கேட்டு வைப்பார். பெரிய வான் லயத்தடி வரை ஏறாத பாதைகள் உண்டு. கடைசித் தூரத்துக்கு அங்குள்ள ஓட்டோவைப் பிடிக்கலாம், அல்லது நடக்கலாம். வேலை நாளில் உங்களுக்காக ஒருத்தி மலைக்குப் போகாமல் நின்றால் அவளுக்கு அன்றைய பேர் விழாது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக்கிய நாட்சம்பளத்துக்கே எத்தனை வருடம் போராடினார்கள்! ஆகவே வேலை முடிந்து வரும் நேரத்தில் சந்தியுங்கள். வெறுங்கையோடு போகாமல் பனங்கட்டியோ ஒடியலோ கொண்டு வாருங்கள், இங்கே அது கிடைப்பது அரிது. அம்மா இருந்த காமிரா இடிந்திருக்கலாம், வேறு குடும்பம் இருக்கலாம். அதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1981க்குப் பிறகு முதல் தடவை அந்த வாசலில் நிற்கப் போகிறார். அழுதால் அழட்டும், போட்டோ எடுக்க அவசரப்படுத்த வேண்டாம். அந்தச் சந்திப்புக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ஐந்து மணிக்கு முன் மீண்டும் ஏ-4க்கு இறங்கிவிட்டால், இருட்டுக்கு முன் வளைவுகளைத் தாண்டி அவிசாவளை போய்ச் சேரலாம். கொழும்பு பஸ் அங்கே இரவிலும் கிடைக்கும். தங்குவதானால் குருவிட்டயில் யாராவது ஒரு வீட்டில் இடம் பார்த்து வைக்கிறேன், திகதியை மட்டும் ஒரு கிழமைக்கு முன் எழுதுங்கள்.