வேப்பங்கொட்டையும் மருந்து டிரம்மும்

ஆனி, ஆடியில் நம் மரத்தடிகளில் உதிர்ந்து மிதிபடுகிற வேம்பின் பேரில் ஐரோப்பாவில் ஒரு வழக்கு நடந்தது தெரியுமா, தோழர்களே? வேப்பெண்ணெயால் பயிரில் பூசணத்தைத் தடுக்கும் முறை தங்கள் கண்டுபிடிப்பு என்று கூறி, அமெரிக்க விவசாய இலாகாவும் கிரேஸ் என்ற பெருங் கம்பெனியும் 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் உரிமை பெற்றன. வந்தனா சிவா முதலியோர் எதிர்த்து வாதாடினர். இந்திய விவசாயி ஏற்கெனவே செய்துவந்த காரியம் இது என்று நிரூபணமாகி 2000-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. அப்பீலும் 2005-ல் தள்ளுபடியாயிற்று.

நல்ல வெற்றிதான். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் கூலித் தொழிலாளிக்கு அதனால் என்ன கிடைத்தது? விடியுமுன் ஜீப்பில் அடைபட்டுக் கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவரும், இங்கே திராட்சைப் பந்தலின் கீழ் அண்ணாந்து மருந்தடிக்கிறவரும், டிரம்மில் இருப்பது இன்னதென்று அறியாமலே பெரும்பாலும் அடிக்கிறார்கள். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களைச் சுற்றியிருந்த ஊர்கள் நாசமான பிறகுதான், 2011-ல், என்டோசல்பானை சுப்ரீம் கோர்ட் தடை செய்தது. ஒரு விஷம் போனால் வேறு பெயரில் இன்னொன்று வருகிறது.

வேம்பின் வேலை வேறு விதம். கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் புழுவைத் தின்னவிடாது. சட்டை உரித்து வளரவும் விடாது. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் வீரியம் சீக்கிரம் போய்விடும். திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். (செடியில் விளைந்ததெல்லாம் சாது என்று எண்ணிவிட வேண்டாம். புகையிலைச் சாறும் செடியிலிருந்து வருவதுதான்; அதன் நிகோடின் தோல் வழியே மனிதனுக்குள் இறங்கும்.)

முதலாளி என்ன சொல்கிறார்? "பூச்சி உடனே விழவில்லை, கூலி இரட்டிப்பாகிறது" என்கிறார். கூலி அவர் கணக்கில் வருகிறது. மருந்தடித்தவரின் ஆஸ்பத்திரிச் செலவு அவர் கணக்கில் வருவதில்லை. அதனால்தான் அவருக்கு விஷம் மலிவு.

பஞ்சாலைத் தோழர்கள் இது நமக்கல்ல என்று ஒதுங்க வேண்டாம். பருத்தி மருந்துக்குப் பேர்போன பயிர். ஒருவர் ஆலைக்கும் ஒருவர் காட்டுக்கும் போகிற குடும்பங்கள்தானே நம்முடையவை!

1971-ம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் பாதுகாப்பு உடையும் முகமூடியும் மருத்துவப் பரிசோதனையும் எழுதியிருக்கிறது. டிரம்மில் கலக்குமுன் மருந்தின் பெயரைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்போம். வேப்பங்கொட்டை பொறுக்கும் பெண்களிடம் கூட்டுறவுச் சங்கமே நியாய விலைக்கு வாங்கி, இடித்துத் தரட்டும். ஆனி பிறக்குமுன் ஒவ்வொரு ஊர்ச் சங்கக் கூட்டத்திலும் இதை எடுக்க வேண்டும்.