மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது

ஜூன் 21 யோகா தினம் வந்தால் அலுவலக மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார்கள். அக்டோபர் 10 மனநல தினம் வந்தால் கருத்தரங்கு நடத்துகிறார்கள். மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், நல்லதையே நினையுங்கள், கைப்பேசியை ஒதுக்கி வையுங்கள் என்று வல்லுநர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். மறுநாள் காலை அதே டார்கெட், அதே மேலாளர், இரவு பத்து மணிக்கும் ஓயாத அதே வாட்ஸ்அப் குழு. மன அழுத்தம் என்று பேச்செடுத்தாலே அழுத்தப்படுகிறவரைத் திருத்துவதில்தான் நாம் குறியாக இருக்கிறோம்; அவரை அழுத்துவது எது என்று கேட்பதில்லை. மருத்துவ ஆய்வுகளோ பல பத்தாண்டுகளாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவருகின்றன. தன் வேலையும் நேரமும் எவ்வளவு தூரம் தன் கையில் இருக்கின்றன என்பது ஒருவருடைய இதய நலத்தையே பாதிக்கிறது.

மாரடைப்பு பெரிய பதவிக்காரர்களின் நோய் என்றொரு நம்பிக்கை நெடுநாளாக உண்டு. 1967இல் லண்டனில் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்ததில், உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறக்கும் விகிதம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், அரசு செலவில் மருத்துவம் எல்லாம் இருந்தன. கீழ்நிலையில் இருந்தவர்கள் அதிகம் புகைபிடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் இந்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை. மீதிக்கு விடை தேடி, 1985இல் மைக்கேல் மார்மோட் தலைமையில் பெண்களையும் சேர்த்து 10,308 பேரிடம் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. எந்த வேலையை, எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்குக் குறைவோ அவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அது கண்டறிந்தது.

இதன் பின்னால் இருக்கும் உடலியல் சிக்கலானதல்ல. ஆபத்து வந்தால் அட்ரினலின் பாய்ந்து இதயம் வேகமெடுக்கிறது. கார்ட்டிசால் சுரந்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ வேண்டிய சில நிமிடங்களுக்கு இது அருமையான ஏற்பாடு. விலகவும் முடியாமல் மாற்றவும் முடியாமல் மாதக்கணக்கில் நீளும் நெருக்கடியில், இதே ஏற்பாடு உடலைத் தின்னத் தொடங்குகிறது. ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்பாற்றல் தளரும். 1991இல் அமெரிக்க உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் குழுவினரும் 394 தன்னார்வலர்களின் மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்தார்கள். மன அழுத்தம் கூடக் கூட, சளி பிடித்தவர்களின் விகிதமும் படிப்படியாகக் கூடியது. 1995இல் வெளியான இன்னொரு ஆய்வு, மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் பெண்களைப் பற்றியது. அவர்களின் கையில் ஏற்படுத்திய சிறு காயம் ஆற, மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள் கூடுதலாக ஆனது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சம்பளப் பட்டியலில் வராத வீட்டு உழைப்பும் உடலில் கணக்கு வைக்கிறது என்பதைக் காட்டுகிறது.

எதற்கெடுத்தாலும் டென்ஷன் மீது பழி போடும் வழக்கத்தைச் சிலர் கேலி செய்வார்கள். அவர்கள் கையில் ஒரு வலுவான உதாரணமும் உண்டு. வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியே முக்கியக் காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் நிறுவினார்கள்; 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். இது ஏற்க வேண்டிய எச்சரிக்கை. நோய்க்குக் காரணம் தெரியாத இடத்தில் மன அழுத்தத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது சோம்பேறித்தனம். ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, ரத்தம் கசியும் வயிற்றுப்புண்கள் அதிகமானதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். கிருமியை உடலில் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உழைப்பின் அழுத்தம் இல்லாமல் நாடு முன்னேறாது என்பது அடுத்த வாதம். வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொல்லி 2023இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி பேசினார். 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் அதை 90 ஆக்கினார். தங்கள் நேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளக்கூடியவர்கள் தரும் இந்த அறிவுரை, அந்த வசதி இல்லாதவர்கள் தலையில் இறங்குகிறது. வாரத்துக்கு 55 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் தெரிவித்தன. நீண்ட வேலை நேரத்தால் 2016இல் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்துக்கும் இதய நோய்க்கும் பலியானார்கள் என்பது அவற்றின் மதிப்பீடு. இதற்கு மேலும் எதை முன்னேற்றம் என்பது?

அப்படியானால் தியானமும் நடைப்பயிற்சியும் வீணா என்று கேட்கலாம். இல்லை. பதற்ற நோய் உள்ளவர்களுக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, வழக்கமாகத் தரப்படும் மாத்திரை ஒன்றுக்குக் குறையாத பலன் தந்ததாக 2022இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தினமும் நடங்கள், தூக்கத்தை விட்டுக்கொடுக்காதீர்கள், தாங்க முடியாதபோது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். இவையெல்லாம் தேவை. அலுவலகமே இவற்றைப் பரிகாரமாக நீட்டும்போதுதான் சிக்கல். பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களை ஆராய்ந்து 2024இல் வெளியான கட்டுரையில், மனநலச் செயலி, தியான வகுப்பு போன்றவற்றில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை.

மாற்றம் சாத்தியமே என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன்பே, 2021இல், கேரளத்தைப் பின்பற்றி, கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்தது. நாள் முழுக்க நின்றே துணியை விரித்துக் காட்டிய பெண்களுக்கு, எப்போது உட்காரலாம் என்பதில் சிறிதாவது உரிமை தந்த சட்டம் அது. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, விற்பனைப் பெண்ணின் பின்னால் நாற்காலி இருக்கிறதா, அதில் அவர் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடை மேலாளரிடம் கேளுங்கள். தொழிலாளர் துறைக்கும் ஒரு புகார் எழுதிப் போடுங்கள்.