கையெழுத்துக் கேட்ட கடிதம்



இந்த மாதம் என் வீட்டுக் கதை ஒன்றையே எழுதுகிறேன். உங்களில் சிலருக்கும் இப்படியொரு நாள் வரலாம். அப்போது இது உதவக்கூடும்.

மாசி மாதத்தில் ஒரு பின்னேரம் நான் தையல் மெசினில் இருந்தேன். பாடசாலையால் வந்த பேத்தி புத்தகப் பையைக்கூட இறக்காமல் ஒரு கடிதத்தை என் மடியில் வைத்தாள். "அம்மம்மா, என்னை உதைபந்தாட்ட அணிக்கு எடுத்திருக்கினம். நீங்கள் இதிலை கையெழுத்து வைக்க வேணும்" என்றாள். வாசலில் ஒரு சிங்களப் பெண் சிரித்தபடி நின்றார். கண்டியில் பல பாடசாலைப் பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை அவர்.

எனக்குக் கை நடுங்கியது. ஏன் என்று உங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. வன்னியில் இருந்தபோது எங்கள் வாசலுக்கு வந்தவர்களும் பிள்ளையைத்தான் கேட்டார்கள். அது 2007 ஆம் ஆண்டு. என் மகனுக்கு அப்போது 17 வயது. வந்தவர்கள் கடிதம் கொண்டுவரவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. இன்றுவரை அவனைப் பற்றி எனக்கு ஒரு தகவலும் இல்லை.

2009 இல் செட்டிகுளம் முகாம், அதன்பின் உறவினர் ஒருவரின் உதவியோடு கண்டி. பேத்தி இங்கேதான் பிறந்தாள். இப்போது அவளுக்கு 13 வயது. தகப்பன் எங்களோடு இல்லை. மகள் நான்கு வருடமாகக் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளையை என்னை நம்பித்தான் விட்டுப் போனாள்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று ஆசிரியையை அனுப்பிவிட்டேன். யோசித்து முடிக்க மூன்று கிழமை எடுத்தது.

முதலில் அயலவர்களிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், என்மேல் அன்பானவர். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குக்கா இந்த ஓட்டம்? வெயில்ல கறுத்துப் போயிரும். காலு கையி ஒடிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவா?" என்றார். கோவிலில் கண்ட உறவுக்காரர், காற்சட்டையோடு பிள்ளை ஓடுவதை ஊர் பார்க்குமே என்றார். எனக்குக் காற்சட்டை பெரிய விடயமாகத் தெரியவில்லை. இருட்டியபின் பிள்ளை எப்படி வீடு வருவாள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பேத்தியோ ஒன்றும் பேசவில்லை. கேட்காமலே பாத்திரம் கழுவினாள், தண்ணீர் அள்ளினாள். இரவில் சுவரில் பந்தை மெதுவாகத் தட்டும் சத்தம் மட்டும் கேட்கும். "வேண்டாம்" என்று நான் சொன்னால் அழாமல் ஏற்றுக்கொள்வாள் என்று தெரிந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. எங்கள் பிள்ளைகள் கேட்காமலிருக்கச் சின்ன வயதிலேயே பழகிவிடுகிறார்கள்.

ஒரு சனிக்கிழமை அவளோடு மைதானத்துக்குப் போனேன். கண்டியில் மைதானம் என்றாலே றகர் ஆட்டம்தான். நித்தவெலவில் ஆட்டம் நடக்கும் நாளில் ஊர் முழுக்க அதே பேச்சு. உதைபந்தாடும் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு மூலைதான். அங்கே தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் இருபது பேரளவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். "மட்ட, மட்ட" என்று பந்தைக் கேட்டு என் பேத்தி சிங்களத்தில் கத்தினாள். அந்த மொழியில் நான் அதிகம் கேட்டது அதட்டலைத்தான். அதே மொழியில் இவள் சிரித்துக்கொண்டே விளையாடுவதைப் பார்த்தபோது எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

ஆட்டத்தின் நடுவில் ஒரு பிள்ளைக்குப் பந்து தலையில் பலமாகப் பட்டது. அவள் உடனே எழுந்து விளையாடத்தான் பார்த்தாள். ஆசிரியை விடவில்லை. வெளியே கூட்டி வந்து நிழலில் இருத்தினார். பிள்ளை எவ்வளவு கெஞ்சியும் அன்று திரும்ப இறக்கவில்லை. தாய்க்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததைச் சொன்னார். நான் அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மீண்டும் விளையாட விடக்கூடாது என்பதுதான் வைத்தியர்களும் சொல்லும் முறை.

பயிற்சி முடிந்ததும் பேத்தியை மொழிபெயர்க்க வைத்து, நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். உங்களுக்கும் பயன்படும் என்பதால் தருகிறேன்.

1. பயிற்சி எந்த நாட்களில், எத்தனை மணிக்கு முடியும்? பரீட்சைக் காலத்தில் நிறுத்துவீர்களா?
2. வெளியூர் போட்டிக்கு எந்த வாகனம்? கூடப் போகும் பெரியவர்களில் எத்தனை பேர் பெண்கள்? இரவு தங்க வேண்டுமா?
3. உடை மாற்றவும் மலசலகூடம் போகவும் தனியிடம் உண்டா? மாதவிடாய் நாளில் பிள்ளை யாரிடம் சொல்லலாம்?
4. காயம் பட்டால் செலவு யாருடையது? முதலுதவி தெரிந்தவர் யார்?
5. சப்பாத்து, சீருடை, பயணம் எல்லாவற்றுக்குமாக வருடத்துக்கு எவ்வளவு?
6. பிள்ளை விலக விரும்பினால் விலகலாமா?

ஆறாவது கேள்வியைக் கேட்கும்போது என் குரல் மாறிவிட்டது. ஆசிரியை என் கையைப் பிடித்து, "அம்மே, பய வென்ன எப்பா" என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். "எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்லவும் தேவையில்லை" என்று பேத்தி மிச்சத்தை மொழிபெயர்த்தாள்.

காயத்தைப் பற்றியும் விசாரித்தேன். வளரும் பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் உள்நார் அறுவது ஆண்பிள்ளைகளைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் அதைக் குறைக்க வழி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஒழுங்காகச் செய்யும் ஓட்டம், குதிப்பு, சமநிலைப் பயிற்சிகளே அவை. நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளிடம் செய்து 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இப்பயிற்சியால் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒன்று குறைந்திருந்தன. இதற்குப் பணம் தேவையில்லை. ஆகவே உங்கள் பிள்ளையின் பயிற்றுநர் இதைச் செய்விக்கிறாரா என்று போய்ப் பாருங்கள்.

"இது பெண்களுக்கு ஏற்றதல்ல" என்ற பேச்சும் இன்று தொடங்கியதல்ல. முதலாம் உலக யுத்தத்தில் இங்கிலாந்தின் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் உதைபந்தாட்ட அணிகள் அமைத்தார்கள். 1920 மார்கழி 26 இல் லிவர்பூலில் அவர்களின் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். அடுத்த வருடமே, பெண்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லி அங்கத்துவக் கழகங்களின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டார்கள். அவை திறக்க ஐம்பது வருடம் சென்றது. பெண்களுக்கான முதல் உலகக் கிண்ணம் 1991 இல்தான் நடந்தது.

தூரம் போவானேன்? 1990 இல் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக வேறிடங்களில் இயங்கிய தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்பிள்ளைகள், பின்னர் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் கிண்ணம் வென்றவர்கள். யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் இருந்தார். கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு உதைபந்தாடினார். எல்லாப் பிள்ளைகளும் இப்படி வர மாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் பேத்தி கிண்ணம் வெல்வாள் என்று எண்ணி நான் முடிவெடுக்கவில்லை.

ஞாயிறு இரவு மகளோடு பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அம்மா, தம்பியை நினைச்சுத்தானே பயப்பிடுறியள்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. "அவனுக்கும் பந்தெண்டா உயிர். இவளை விடுங்கோ. ஆனா நீங்கள் கவனமாப் பாருங்கோ" என்றாள்.

அன்றிரவு கையெழுத்து வைத்தேன். மூன்று நிபந்தனை போட்டேன். தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன் பயிற்சி இல்லை. திரும்பும்போது பஸ் தரிப்பில் நான் நிற்பேன். எவராவது அவளைச் சங்கடப்படுத்தினால், அது பெரிய ஆளாக இருந்தாலும், முதலில் என்னிடம் சொல்ல வேண்டும். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். சப்பாத்துக்குப் புதிது வாங்க வசதியில்லை. அணியில் மூத்த பிள்ளை ஒன்று தனக்குச் சிறிதாகிப்போன சோடியைத் தந்தது.

முதல் போட்டி சித்திரை விடுமுறைக்குப் பின் நடந்தது. எங்கள் பிள்ளைகள் 4-0 என்று தோற்றார்கள். பேத்தி கடைசிப் பத்து நிமிடம் மட்டுமே விளையாடினாள். பந்து இரண்டு தரம்தான் அவள் காலுக்கு வந்தது. நான் பஸ் தரிப்பில் கலக்கத்தோடு நின்றேன். மாலை ஆறரைக்கு, சொன்ன நேரத்துக்கு, சேறும் சிரிப்புமாக இறங்கினாள். "அம்மம்மா, பசிக்குது" என்றாள்.

சகோதரிகளே, எல்லோரும் பிள்ளையை விளையாட்டுக்கு விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்விகளுக்குச் சரியான பதில் கிடைக்காத இடத்துக்கு அனுப்ப வேண்டாம். ஆனால் "வேண்டாம்" என்று சொல்லுமுன் ஒரு தரம் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். நம் பயம் பொய்யான பயம் அல்ல, பட்டுத்தான் வந்தது. ஆனாலும் பிள்ளைகள் அதைச் சுமக்கத் தேவையில்லை. அன்று என்னை யாரும் கேட்கவில்லை, இன்று கேட்டார்கள். கேட்டவர்களிடம் நானும் கேள்வி கேட்டேன், அதன்பிறகே கையெழுத்து வைத்தேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.