வெல்வதற்கு ஒன்றுமில்லாத ஆட்டம்

திருவிழா முடிந்து கொடியிறங்கிய மறுநாள் கோயில் வீதியிலே கூட்டம் இராது. கடைக்காரர் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பர். ஆயினும் உரிய வேளையில் மணி ஒலிக்கும்; பூசை குறைவின்றி நடைபெறும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டப் பருவத்திலும் இத்தகைய நாட்கள் சில உண்டு. அவற்றைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

அந்நாட்டின் பிரீமியர் லீக் போட்டி வழக்கமாக ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கி மே மாதத்தில் முடிவடைகிறது. 20 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் 38 ஆட்டங்கள். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. இறுதியில் முதலிடம் பெறுவது வெற்றிக் கழகம். கடைசி மூன்றும் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். பருவத்தின் கடைசி இரண்டு மூன்று வாரங்களில் நடுவிலே நிற்கும் கழகங்களுக்கு மேலே ஏறவும் வழியிராது. கீழே விழுவோம் என்ற அச்சமும் இராது. அவற்றின் ஆட்டங்களை முன்கூட்டி எடைபோடும் விமர்சகர்கள் "முக்கியத்துவம் இல்லை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகின்றனர். அவ்வாறு கைகழுவி விடத்தக்கனவா இவை? அன்று என்பதே நமது துணிபு.

ஒருவருக்கு ஒன்றுமில்லை; மற்றவருக்கு எல்லாம்

2016ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி லண்டன் நகரில் செல்சி கழகமும் டொட்டன்ஹாம் கழகமும் மோதின. முந்திய ஆண்டில் வெற்றிக் கழகமாயிருந்த செல்சி, அவ்வாண்டு சரிந்து அட்டவணையின் நடுவிலே கிடந்தது. அதற்கு அந்த ஆட்டத்தில் பெறுவதற்கு ஒன்றுமில்லை. டொட்டன்ஹாமுக்கோ வென்றே தீரவேண்டிய கட்டாயம். வெல்லாவிடில், தனது வரலாற்றிலேயே ஒருமுறையும் முதலிடம் பெற்றறியாத லெஸ்டர் நகரக் கழகம், ஆடாமலே வெற்றிக் கழகமாகிவிடும்.

முற்பாதி முடிவதற்குள் டொட்டன்ஹாம் 2 கோல்கள் அடித்துவிட்டது. ஒன்றுமில்லாத கோஷ்டி அத்துடன் அடங்கியிருக்கலாம். குறை கூறுவாரும் இலர். ஆனால் பிற்பாதியில் செல்சியின் கேஹில் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் முடிய ஏழு நிமிடம் இருக்கையில் ஹசார்ட் மற்றொன்றை வளைத்தடித்தார். 2க்கு 2 என்று ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பொறுமையிழந்த டொட்டன்ஹாம் வீரரில் ஒன்பது பேர் மத்தியஸ்தரின் மஞ்சள் அட்டைக்கு இலக்காயினர். அவ்விரவிலேயே லெஸ்டர் நகரம் வெற்றி விழாக் கொண்டாடிற்று. பருவத்தின் தொடக்கத்தில் ஒன்றுக்கு 5,000 என்று பந்தயக்காரர் ஏளனமாக விலை கூறிய கழகம் அது!

செல்சியின் முயற்சிக்கு அயற்கழகத்தின் மீதிருந்த பழைய பகைமையே காரணம் என்று சிலர் கூறுவர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் பகைமையின்றியும் இது நிகழக் காண்கிறோம். 2014ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி, இறங்கும் அபாயம் நீங்கி நிம்மதியாயிருந்த கிறிஸ்டல் பலஸ் கழகம், முதலிடத்துக்குப் போராடிய லிவர்பூலை எதிர்த்தது. 3க்கு 0 என்று பின்தங்கியிருந்த அக்கோஷ்டி, 79ஆம் நிமிடத்துக்கும் 88ஆம் நிமிடத்துக்கும் இடையில் மூன்று கோல்களையும் ஈடுசெய்தது. லிவர்பூலின் நம்பிக்கை அன்று பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

ஓய்வெடுத்தவரின் நிழல்

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்ப்போம். 2007ஆம் ஆண்டு மே மாதம் லிவர்பூல் கழகம் ஐரோப்பிய வெற்றிக் கிண்ண இறுதியாட்டத்தை எதிர்நோக்கியிருந்தது. ஆதலின் மே 5ஆந் திகதி புல்ஹாம் கழகத்துடன் ஆடியபோது தன் முதல்தர வீரர் பலருக்கு ஓய்வளித்தது. புல்ஹாம் 1க்கு 0 என வென்றது. அடுத்த வாரம், ஏற்கெனவே முதலிடத்தை உறுதிசெய்துகொண்ட மான்செஸ்டர் யுனைட்டெட், தன் சொந்த மைதானத்தில் வெஸ்ட் ஹாம் கழகத்திடம் அதே கணக்கில் தோற்றது. அங்கும் முன்னணி வீரர் சிலர் தொடக்கத்தில் களமிறங்கவில்லை.

இவ்விரு தோல்விகளாலும் தோற்றவர்க்கு நட்டம் எதுவுமில்லை. நட்டமடைந்தது மூன்றாவது கழகமாகிய ஷெபீல்ட் யுனைட்டெட். அது 38 புள்ளிகளுடன் கீழிறங்கியது. புல்ஹாம் 39 புள்ளியுடனும் வெஸ்ட் ஹாம் 41 புள்ளியுடனும் தப்பின. ஷெபீல்டைப் போலவே 38 புள்ளி பெற்ற விகன் கழகம், ஒரேயொரு கோல் வித்தியாசத்தில் தப்பியது. கடைசி நாளில் விகனிடம் தோற்காதிருந்தால் ஷெபீல்ட் தானே பிழைத்திருக்கும் என்பதும் உண்மை. ஓய்வளித்த கழகங்கள் விதியை மீறியதாகவும் கூறுவதற்கில்லை. எனினும், தனக்கு ஒன்றுமில்லை என்று ஒருவர் எண்ணும் ஆட்டத்தில் பிறர் ஒருவரின் ஓராண்டு உழைப்பு அடங்கியிருக்கலாம் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

இருபக்கத்தாரும் ஆட மறுத்தால் விளைவு இன்னும் கொடியது. 1982ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில், ஸ்பெயினின் கிஹோன் நகரில், மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் சந்தித்தன. ஜேர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இரு நாடுகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஜேர்மனியையே தோற்கடித்திருந்த அல்ஜீரியா வெளியேறும். பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் அடித்தது. அதன்பின் இரு கோஷ்டிகளும் பந்தைத் தம்முள் உருட்டிப் பொழுது போக்கின. முதல்நாளே தன் ஆட்டத்தை முடித்துவிட்ட அல்ஜீரியா கையைப் பிசைந்து நின்றது. அந்த அவமானத்தின் பயனாகவே 1986 முதல் உலகக் கிண்ணப் பிரிவுகளின் கடைசி ஆட்டங்கள் ஒரே வேளையில் நடத்தப்படுகின்றன. பிரீமியர் லீக்கிலும் கடைசி நாளின் பத்து ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குவதைக் காணலாம்.

இருவருக்கும் ஒன்றுமில்லாதபோது

இரு கழகங்களுக்கும், மூன்றாமவருக்கும்கூட, எதுவும் தங்கியிராத ஆட்டங்களும் உண்டு. 2017ஆம் ஆண்டு மே 21ஆந் திகதி, வெற்றிக் கழகமாகிவிட்ட செல்சியும் கடைசி இடத்தில் கிடந்த சண்டர்லாந்தும் ஆடின. செல்சியின் தலைவர் ஜோன் டெரி அன்று விடைபெற்றார். அவரது சட்டை இலக்கம் 26 ஆதலின் 26ஆம் நிமிடத்தில் அவர் வெளியேற, சகவீரர் இருமருங்கும் அணிவகுத்து நின்று வழியனுப்பினர். இது முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. உள்ளத்தை உருக்கிய காட்சி என்றனர் சிலர்; நடக்கும் ஆட்டத்தைச் சடங்காக்கலாமா என்று கேட்டனர் வேறு சிலர். பிந்தியவரின் கேள்வி நியாயமானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதியவர் விடைபெறும் அதே நாட்களில் இளையவர் அடியெடுத்து வைக்கின்றனர். 2019ஆம் ஆண்டு மே 4ஆந் திகதி, கீழிறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட புல்ஹாம் கழகம், வுல்வர்ஹாம்டனுடன் ஆடிய ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஹார்வி எலியட் என்னும் சிறுவனைக் களமிறக்கியது. வயது 16 ஆண்டும் 30 நாளும்! பிரீமியர் லீக்கில் ஆடியவருள் மிக இளையவர் என்ற பெருமை 2022 வரை அவரிடமே இருந்தது. முக்கியமான ஆட்டமாயிருந்தால் அச்சிறுவனுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்குமோ என்பது ஐயமே.

பணமும் இல்லாமலில்லை. அட்டவணையில் ஏறும் ஒவ்வோர் இடத்துக்கும் கழகத்துக்குக் கூடுதல் பங்கு உண்டு. 2015-16 பருவத்தில் ஓர் இடத்தின் பெறுமதி ஏறத்தாழ 12 இலட்சம் பவுணாக இருந்தது.

எதைக் கவனிப்பது?

இத்தகைய ஆட்டத்தில் வெல்வது யார் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். முந்திய வாரங்களின் ஆட்டத் திறனை வைத்து எடைபோட்டால், வீரரின் மனநிலை அக்கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஆகவே வெற்றியை ஊகிப்பதை விடுத்து, வேறு மூன்றைக் கவனிக்குமாறு நேயர்களுக்குக் கூறுவோம். முதலாவது, அட்டவணை: ஆடும் இருவரைத் தவிர, இம்முடிவுக்காகக் காத்திருக்கும் மூன்றாமவர் எவர் என்று பாருங்கள். இரண்டாவது, வீரர் பட்டியல்: எவர் ஓய்வெடுக்கிறார், எவர் புதிதாக வருகிறார் என்று பாருங்கள். மூன்றாவது, பந்தை இழந்த முன்வரிசை வீரர்: அதை மீட்கத் திரும்பி ஓடுகிறாரா, இடுப்பில் கைவைத்து நிற்கிறாரா? கிண்ணம் காத்திருக்கையில் எவரும் ஓடுவர். ஒன்றுமில்லாத நாளிலும் ஓடுபவரே தொழிலை மதிப்பவர்.

பரீட்சை முடிந்தபின் நடக்கும் வகுப்பில் ஊன்றிக் கேட்கும் மாணவர் சிலரை ஆசிரியர்கள் அறிவர். அவர்களுக்குப் புள்ளி எவரும் இடுவதில்லை. ஆயினும் ஆசிரியர் அவர்களை மறப்பதில்லை. அடுத்த மே மாதத்தில் தொலைக்காட்சி முன் அமரும் இளைஞர்கள், வென்றவரோடு இத்தகையோரின் பெயரையும் குறித்து வைப்பார்களாக.