எண்ணெய்க்கு முன் ஒரு சோதனை

நம் மேட்டுப்பாளையத்தை அடுத்த மலையடிவாரத்து மக்களுக்கு வெட்பாலை மரம் புதியதன்று. அதன் பசுந்தழையைத் தேங்காயெண்ணெயில் இட்டு, அடுப்பில் ஏற்றாமல் சில நாள் வெயிலில் வைத்தால், எண்ணெய் கருநீல நிறங்கொள்ளும். இதுவே வெட்பாலைத் தைலம். சித்த மருத்துவர் காளாஞ்சகப்படை என்றும், ஆங்கில மருத்துவர் சோரியாசிஸ் என்றும் கூறும் செதிற்படைக்கு இது நெடுநாளாக வழங்கிவரும் மருந்து. இறைவன் நம் மண்ணில் வைத்த இம்மருந்தை நாம் இகழ்வதற்கில்லை.

ஆயினும், அன்பார்ந்த தாய்மாரே, மார்பகத்தில் ஆறாத புண் கண்டால், இன்னதென்று அறியாமலே தைலத்தைப் பூசி, மாதக்கணக்கில் மறைத்து வைக்கும் வழக்கம் ஆபத்தானது. அதைச் சொல்ல நாம் கடமைப்பட்டுள்ளோம்.

மார்பகத் தோலில் தோன்றும் புண் யாவும் ஒன்றல்ல. மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கிச் சிவந்து எரிவது பெரும்பாலும் பூஞ்சையினால் வருவது. நீரிழிவு உடையோர்க்கு அடிக்கடி வரும். அவ்விடத்தை உலர வைத்தலே முதல் மருந்து; எண்ணெயோ ஈரத்தைத் தங்கவைக்கும். பாலூட்டும் தாயின் காம்பு வெடிப்பு வேறு. அங்குப் பூசுவது குழந்தையின் வாய்க்கும் செல்லும் என்பதை மறத்தலாகாது. கரப்பான் வேறு, அது பெரும்பாலும் இரு மார்பிலும் காணும்.

இவற்றைப் போலவே தோன்றி ஏமாற்றும் நோய் இன்னொன்று உண்டு. 1874-ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், ஏறக்குறைய 15 பெண்களின் நோயைக் குறித்து எழுதினார். முதலில் காம்பில் கரப்பான் போன்ற புண். எம்மருந்துக்கும் அது ஆறவில்லை. ஈராண்டுக்குள், பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளேயே, அம்மார்பில் புற்றுநோய் கண்டது. அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அப்புண்ணிலேயே புற்றணுக்கள் உள்ளன என்பதும், பெரும்பாலோர்க்கு மார்பின் உள்ளேயும் புற்று இருக்கும் என்பதும் இன்று தெளிவாகியுள்ளன.

இந்நோய் பெரும்பாலும் ஒரு மார்பில் மட்டும், காம்பிலேயே தொடங்கும். பின்னரே சுற்றியுள்ள கருவட்டத்துக்குப் பரவும். அரிப்பு, செதில், நீர்க்கசிவு, சில வேளை இரத்தக்கசிவு காணும். கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் இருக்கலாம். எண்ணெய் பூசினால் செதில் மென்மையாகும், அரிப்பும் சற்றே தணியும். நோய் நீங்கியதென்று மனம் அமைதியடையும். உள்ளே அது வளர்ந்துகொண்டேயிருக்கும்.

ஆகவே இரண்டு, மூன்று வாரங்களில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். காம்பு உள்ளிழுத்தல், தோல் சிவந்து தடித்து ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆதல், அக்குளில் கட்டி ஆகியவை கண்டால் காத்திருத்தலே கூடாது. புண்ணிலிருந்து சிறு துணுக்கெடுத்துச் செய்யும் பயாப்சி சோதனை உண்மையைக் கூறிவிடும். செதிற்படைதான் என்று தெளிந்தபின், சித்த மருத்துவரின் சொற்படி தைலத்தைப் பூசுவதில் எமக்கு மறுப்பில்லை.

வெட்கம் தடுக்கிறதோ? மார்பகம் சிதைக்கப்பட்டு மறைசாட்சியான புனித ஆகத்தம்மாளைத் திருச்சபை பிப்ரவரி 5-ஆம் நாள் நினைவுகூர்கிறது. மார்பக நோயுற்றோர்க்குப் பாதுகாவலியாகவும் போற்றுகிறது. திருச்சபை மறைக்காததை நாம் மறைப்பானேன்? கணவன்மாரே, புதல்வர்களே, வீட்டுப் பெண்கள் வாய்திறந்து சொல்லுமாறு பரிவுடன் கேளுங்கள். மருத்துவமனைக்கு நீங்களே உடன் செல்லுங்கள்.